மட்டராஸியும் எங்க ஸ்டாப்பர் அண்ணனும்

ரொம்ப நாளா கடைப்பக்கம் வரலை. ஷட்டரைத் தூக்கினா ஒரே ஒட்டடை. அதனால இன்னைக்குக் கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

ஆபீஸ்ல என்னை டீம் லீட் ஆக்கி மூணு மாசம் ஆச்சு. ட்ரீட் கேட்டவங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தாச்சு. இது பெருமைப் பதிவு இல்லை. லீட் ஆன ரெண்டாவது மாசமே ஒரு தப்பு பண்ணினேன், அதைச் சொல்லணும். நேராச் சொல்ல வெக்கமா இருக்கறதால கால்பந்து வழியா சுத்தி வளைச்சு வரேன்.

முதல்ல கொசுவர்த்தி சுத்தணும்.

எனக்கு வீடு விழுப்புரம். இன்ஜினியரிங் படிச்சது திண்டிவனத்துல. தினமும் பாசஞ்சர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம்னு ஒவ்வொரு ஸ்டேஷனா நின்னு நின்னு போகும். எந்த ஸ்டேஷன்ல யார் ஏறுவாங்க, யார் டிபன் பாக்ஸ்ல என்ன இருக்கும்னு மனப்பாடம். என் பையில ரெக்கார்டு நோட்டோட ஒரு ஜோடி ஸ்டட்ஸும் இருக்கும். அதோட வாசனையால எனக்கு எப்பவும் உட்கார இடம் கிடைச்சிடும் :)

ஃபுட்பால்ல நான் பேக். அதாவது டிஃபெண்டர். நம்ம ஊர்ல யாரை பேக் நிறுத்துவாங்கன்னு ஸ்கூல் கிரவுண்டுல ஆடினவங்களுக்குத் தெரியும். பந்து வெச்சிருக்கறவன் ஃபார்வேர்ட். டிரிபிள் தெரிஞ்சவன் நடுவுல. குண்டா இருக்கறவன் கோலி. மிச்சம் இருக்கற, உயரமா வளர்ந்த, பந்து வந்தா கண்ணை மூடிக்கிட்டு உதைக்கிறவன் பேக். நான் மிச்சம்.

கோல் போட்டா ஃபார்வேர்டைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. கோல் வாங்கினா எல்லாரும் திரும்பி பேக்கைப் பார்ப்பாங்க. முழு மேட்ச்சும் ஒழுங்கா ஆடி, ஒரே ஒரு தடவை கால் வழுக்கினா அந்த ஒண்ணுதான் ஊர் ஞாபகத்துல நிக்கும். ப்ரொடக்ஷன் சப்போர்ட்ல வேலை பார்க்கறவங்களுக்கு இந்த வலி புரியும்.

திண்டிவனத்துல எங்க செட்டுக்கு ஒருத்தர் கோச். சைக்கிள் கடை வெச்சிருந்தார். பேரைச் சொன்னா கோச்சுக்குவார், அதனால ஸ்டாப்பர் அண்ணன்னே வெச்சிக்கலாம், நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம். நாப்பதைத் தாண்டினவர். ஒரு காலத்துல மாவட்டம் முழுக்க ஆடினவர், சென்னையில ஒரு டிபார்ட்மென்ட் டீம் ட்ரையல்ஸ் வரைக்கும் போய்ட்டு வந்தவர். கிடைக்கலை. திரும்பி வந்து பஞ்சர் ஒட்ட உட்கார்ந்துட்டார். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கடையைத் தம்பிகிட்ட விட்டுட்டு கிரவுண்டுக்கு வருவார். காசு எதுவும் வாங்க மாட்டார். டீ மட்டும் நாங்க வாங்கித் தரணும்.

அவர்கிட்ட ஒரே ஒரு வியாதி. கோச்சா வெளியில நிக்க முடியாது. பத்து நிமிஷம் கத்துவார். அப்புறம் லுங்கியைக் கழட்டி வெச்சிட்டு ஷார்ட்ஸோட உள்ள வந்துடுவார்.

2015 அக்டோபர்ல விழுப்புரத்துல ஒரு செவன்ஸ் டோர்னமென்ட். எங்க ஊர். அப்பா முதல் தடவையா என் மேட்ச் பார்க்க டிவிஎஸ் எக்ஸெல்ல வந்து, கிரவுண்டு ஓரத்துல புளியமரத்தடியில நிக்கிறார். நான் பதினேழு வயசு, ஃபர்ஸ்ட் இயர். ஒரு பந்தைத் தப்பா கணிச்சேன், அவங்க ஆள் என்னைத் தாண்டிப் போயிட்டான். கோல் ஆகலை, வெளிய போச்சு. ஆனா ஸ்டாப்பர் அண்ணன் கையைக் காட்டிட்டார். "வாடா வெளிய."

எனக்குப் பதிலா அவரே இறங்கினார். ரெண்டு பந்து பிரமாதமா எடுத்தார். மூணாவது பந்துக்கு கால் வரலை. 0-1. தோத்தோம். நான் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்குப் போற வழியில அப்பா, "பரவால்ல, நல்லாத்தான் ஆடினே"ன்னு சொன்னார். அவர் அப்படிச் சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணுச்சு.

அந்த வருஷம்தான் மட்டராஸி.

மார்கோ மட்டராஸின்னா பாதிப் பேருக்கு ஞாபகம் வர்றது ஜிடேன் தலையால முட்டினது மட்டும்தான். 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை ஃபைனல், 110வது நிமிஷம். ஆனா அந்த மேட்ச்சை முழுசா எடுத்துப் பாருங்க. ஏழாவது நிமிஷம் இவர் ஃபவுல்னு ஃபிரான்ஸுக்கு பெனால்டி, ஜிடேன் கோல். 19வது நிமிஷம் பிர்லோ அடிச்ச கார்னரை இவரே தலையால முட்டி 1-1. அப்புறம் ஷூட்அவுட்ல இவர் அடிச்சதும் கோல். ஒரே மேட்ச்சுல கெடுத்தவரும் அவரே, சரி பண்ணினவரும் அவரே, ஊரே திட்டினதும் அவரைத்தான். ஒரு பேக்கோட வாழ்க்கையை 120 நிமிஷத்துல சுருக்கிக் காட்டின மாதிரி.

அந்த உலகக் கோப்பைக்கு அவர் ரிசர்வ் ஆளாத்தான் போனார். செக் குடியரசோட மேட்ச்சுல அலெஸ்ஸான்ட்ரோ நெஸ்டாவுக்கு அடிபட்டதால உள்ள வந்தார். வந்து கோல் போட்டார். அடுத்த மேட்ச்சுல, ஆஸ்திரேலியாவோட, ரெட் கார்டு. அதுக்கு முன்னாடி கதையும் அப்படித்தான். அப்பா ஜூசெப்பே மட்டராஸி பெரிய கோச், ஆனா மகன் ஆரம்பிச்சது இத்தாலியோட கீழ்மட்ட டிவிஷன்கள்ல. 1998-99ல இங்கிலாந்துல எவர்ட்டனுக்கு ஒரு சீசன் ஆடி, ஒண்ணுக்கு மேல ரெட் கார்டு வாங்கிட்டுத் திரும்பினார். பெருஜியாவுக்கு வந்து 2000-01 சீசன்ல டிஃபெண்டரா இருந்துகிட்டு 12 கோல் போட்டார். இத்தாலி லீக்ல டிஃபெண்டர் யாரும் அதுவரைக்கும் ஒரு சீசன்ல அவ்வளவு போட்டதில்லை. அப்புறம் பத்து வருஷம் இன்டர் மிலான். 2010ல சாம்பியன்ஸ் லீக்.

அப்படிப்பட்ட ஆள் 2011ல ரிட்டயர் ஆகி, 2014ல சென்னைக்கு வந்து இறங்கினார். இந்தியன் சூப்பர் லீக் தொடங்கின வருஷம். சென்னையின் எஃப்.சி.க்கு ப்ளேயர்-மேனேஜர். அவரே கோச், அவரே டிஃபெண்டர். 41 வயசு. நேரு ஸ்டேடியத்துல நம்ம ஊர் புழுக்கத்துல அவர் ஜெர்சி நனைஞ்சு ஒட்டிக்கிட்டு நின்னதை டிவியில பார்த்துட்டு, "பெரியவரு நம்மள மாதிரியே வேர்க்கிறாருடா"ன்னு ஸ்டாப்பர் அண்ணன் சந்தோஷப்பட்டார். இதுல இன்னொரு விஷயம், அந்த சீசன் நடுவுல நெஸ்டாவையும் கூட்டிட்டு வந்தார். யாருக்கு அடிபட்டதால இவருக்கு வாழ்க்கை கிடைச்சதோ, அவரையே.

அந்த 2014ல லீக்ல முதலிடம். ஆனா அரையிறுதியில கேரளாகிட்ட போச்சு. கொச்சியில 0-3. சென்னையில 3-0ன்னு சரிக்கட்டி, எக்ஸ்ட்ரா டைம்ல 117வது நிமிஷம் ஸ்டீஃபன் பியர்சன் ஒரு கோல் போட்டு முடிச்சிட்டான்.

2015ல மட்டராஸி ஸ்டட்ஸைக் கழட்டிட்டார். கோச் மட்டும். கோட்டுக்கு வெளிய.

ஒரு கட்டத்துல டீம் அட்டவணையில கடைசி. எட்டு டீம்ல எட்டாவது. டிவியில கேமரா அடிக்கடி அவரைக் காட்டும். கையைக் கட்டிப்பார், பிரிப்பார், தலையில வெச்சிப்பார். உள்ள யாராவது ஒரு பந்தைத் தப்பா விட்டா உடம்பே முன்னாடி சாயும், அவரே எடுக்கப் போற மாதிரி. ஸ்டாப்பர் அண்ணன் கடையில ஒரு பழைய டிவி. டியூபைத் தண்ணியில முக்கிக்கிட்டே அதைப் பார்ப்பார். "பாவம்டா மனுஷன். இறங்கவும் முடியாது, உட்காரவும் முடியாது"ம்பார். அக்டோபர் மேட்ச்சைப் பத்தி அவர் பேசலை. நானும் கேக்கலை. ஆனா கடைக்குப் போறதை நிறுத்தலை.

அப்புறம் டிசம்பர் 1. சென்னை முழுகிச்சு. எங்க யுனிவர்சிட்டி செமஸ்டர் எக்ஸாமே தள்ளிப் போச்சு. சென்னையில இருந்த சித்தி வீட்டுக்கு போன் போகலை, மூணு நாள் அம்மா அடுப்படியில நின்னுக்கிட்டே அழுதாங்க. இந்த நேரத்துல யாருக்கு ஃபுட்பால்? ஆனா சென்னையின் டீம் கடைசி கட்டத்துல ஜெயிச்சு ஜெயிச்சு அரையிறுதிக்கு வந்து நின்னுடுச்சு. ஊர்ல மேட்ச் நடத்த முடியாத நிலைமை. சொந்த ஊர் மேட்ச்சை புனேவுல ஆடினாங்க. டிசம்பர் 12, கொல்கத்தாவை 3-0. கொல்கத்தா போய் 1-2ன்னு தோத்தாலும் மொத்தத்துல 4-2. ஃபைனல்.

டிசம்பர் 20, ஞாயித்துக்கிழமை. கோவா டீமோட, கோவாவுலயே. நான் பாசஞ்சரைப் பிடிச்சு திண்டிவனம் போயிட்டேன். வீட்டுல ரெக்கார்டு எழுதப் போறேன்னு சொன்னேன். (அப்பா, நீங்க இதைப் படிச்சா மன்னிச்சிடுங்க.) கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு பதினஞ்சு பேர் உள்ள. ஃபர்ஸ்ட் ஹாஃப் ஒண்ணும் இல்லை. 54வது நிமிஷம் பெலிஸ்ஸாரி, 1-0. நாலே நிமிஷத்துல ஹாவோகிப், 1-1. 87வது நிமிஷம் கோவாவோட ஜோஃப்ரே ஃப்ரீகிக்ல போட்டான். 1-2.

பாதிப் பேர் எழுந்து செருப்பு தேட ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கும் கடைசி வண்டியைப் பிடிக்கணும். ஸ்டாப்பர் அண்ணன் என் தோளைப் பிடிச்சு உட்கார வெச்சார். "உட்காருடா. இன்னும் விசில் ஊதலையே."

90வது நிமிஷம் கோவா கோலி கட்டிமணி கையில பட்டு பந்து உள்ள போச்சு. 2-2. எங்களுக்கு நம்ப முடியலை. அடுத்த ரெண்டாவது நிமிஷம் மென்டோசா. 3-2. ஷட்டரைத் தட்டின தட்டுல பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் ஓடி வந்துட்டார். டிவியில மட்டராஸி கிரவுண்டுக்குள்ள ஓடினார். அவ்வளவு நேரம் கோட்டுக்கு வெளிய நின்ன மனுஷன்.

கூத்தெல்லாம் அடங்கினப்புறம் அண்ணன் என்னை ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள்ல கொண்டாந்து விட்டார். நடைமேடையில டீ வாங்கிக் கொடுத்தார், முதல் தடவையா அவர் காசுல. அப்புறம்தான் சொன்னார். "டேய், அன்னைக்கு விழுப்புரத்துல நான் உன்ன எடுத்திருக்கக் கூடாதுடா. உங்கப்பா நிக்கிறார்னு தெரியும் எனக்கு. தெரிஞ்சும் எடுத்தேன். எனக்கு ஆடணும்னு ஆசை, அதான்."

நான் "பரவால்லணா"ன்னேன். பரவாயில்லாம இல்லைன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். வண்டி வந்துடுச்சு.

2016 பிப்ரவரியில அதே கிரவுண்டு, இன்னொரு டோர்னமென்ட். அண்ணன் பேன்ட் போட்டுக்கிட்டு வந்தார். நாங்க எல்லாரும் சிரிச்சோம், அவர் சிரிக்கலை. ரெண்டாவது மேட்ச்சுல நான் நிஜமாவே ஒரு பெரிய தப்பு பண்ணி கோல் வாங்கினேன். உடனே கோட்டுப் பக்கம் பார்த்தேன். அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு அப்படியே நின்னார். கையைக் காட்டலை, கத்தலை. அந்த மேட்ச் தோத்தோம். ஆனா நான் கடைசி வரைக்கும் உள்ள இருந்தேன். அதுக்கப்புறம் நாலு வருஷம் அந்த டீம்ல நான்தான் ஸ்டாப்பர்.

இப்போ ஆபீஸ் கதை.

எங்க டீம்ல ஒரு சின்னப் பையன். காலேஜ் முடிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது. என்னை "அண்ணா"ன்னுதான் கூப்பிடுவான், ப்ரோ எல்லாம் கிடையாது. ஒரு மாட்யூல் அவனுக்குக் கொடுத்தேன். ரெண்டு வாரம் உசிரைக் கொடுத்து எழுதினான். ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி நான் அதைத் திறந்து பார்த்தேன். ஓடுச்சு. ஆனா நான் எழுதியிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டேன். அங்கங்க சுத்தி வளைச்சிருந்தான். பதினோரு மணிக்கு உட்கார்ந்து, விடியற்காலை நாலு மணிக்குள்ள முழுசையும் அழிச்சு நானே திரும்ப எழுதி செக்-இன் பண்ணிட்டுத் தூங்கினேன். பெரிய சாதனை பண்ணின திருப்தி வேற.

மறுநாள் டெமோ. க்ளையன்ட் நல்லா இருக்குன்னாங்க. மேனேஜர் அந்தப் பையன் பேரைச் சொல்லிப் பாராட்டினார். அவன் ஸ்க்ரீன்ல மியூட்டை எடுத்து, "அது நான் எழுதினது இல்லை சார்"னு சொல்லிட்டு மறுபடி மியூட் போட்டுக்கிட்டான்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். புளியமரத்தடிப் பக்கம் திரும்பாம வெளிய நடந்த பையனுக்கும் அதே குரல்தான் இருந்திருக்கும், அவன் பேசலை, அவ்வளவுதான்.

ஒரு வாரம் இதையே நினைச்சுக்கிட்டு, ராத்திரி தூக்கம் வராம டிஃபெண்டரா இருந்து மேனேஜர் ஆனவங்க கதையா படிச்சுத் தள்ளினேன். இதுக்குன்னே நேந்துவிட்ட நாடு அயர்லாந்து போல. மிக் மெக்கார்த்தி, பிறந்தது இங்கிலாந்துல, ஆடினது அயர்லாந்துக்கு. 1990 உலகக் கோப்பையில கேப்டன், சென்டர் பேக். 90 நிமிஷத்துல ஒரு மேட்ச்சும் ஜெயிக்காமலே அந்த டீம் காலிறுதி வரைக்கும் போச்சு, எல்லாம் டிரா. ருமேனியாவோட ஷூட்அவுட்ல ஜெயிச்ச பெனால்டியை அடிச்ச டேவிட் ஓ'லியரியும் டிஃபெண்டர்தான், பின்னாடி மேனேஜரா லீட்ஸ் டீமை 2001ல சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். கிறிஸ் ஹ்யூட்டன் 53 மேட்ச் அயர்லாந்துக்கு ஆடி, 2017ல பிரைட்டனை பிரீமியர் லீக்ல ஏத்தினார்.

மெக்கார்த்தி கதையில ஒரு இடத்துல நின்னுட்டேன். 2002 உலகக் கோப்பை, இப்போ அவர் மேனேஜர். மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சைப்பன் தீவுல கேப்டன் ராய் கீனோட பெரிய சண்டை. டீமோட முதுகெலும்பே கீன்தான். அவரையே வீட்டுக்கு அனுப்பிட்டு மிச்ச பசங்களை வெச்சு ஆடினார். ரெண்டாவது ரவுண்டு போய் ஸ்பெயின்கிட்ட பெனால்டியில தோத்தாங்க. அவர் பண்ணினது சரியா தப்பான்னு அந்த ஊர்ல பல வருஷம் சண்டை. எனக்குப் பட்டது வேற. தலைவர் இல்லாம இறங்கின பசங்க ஜெர்மனியோட மேட்ச்சுல கடைசி நிமிஷத்துல கோல் போட்டு டிரா பண்ணினாங்க. இல்லாதவரை நினைச்சு யாரும் உட்கார்ந்துடலை.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை திண்டிவனம் போனேன். 2024 ஃபெங்கல் புயல்ல மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ.க்கு மேல மழை கொட்டுச்சே, அப்போ அண்ணன் கடைக்குள்ளயும் தண்ணி. அந்தப் பழைய டிவி அதோட போச்சு. சுவத்துல தண்ணி நின்ன கோடு இன்னும் இருக்கு. அண்ணனுக்கு முட்டி போயிடுச்சு, ஸ்டூல்ல உட்கார்ந்துதான் வேலை. ஆனா சாயங்காலம் கிரவுண்டு உண்டு. ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு ஒரு பையன் பின்னாடியே வரான்.

கதையை எல்லாம் சொன்னேன். அண்ணன் ரொம்ப நேரம் ஸ்போக்ஸை முறுக்கிக்கினே இருந்தார்.

"நீ அவன்கிட்ட பேசினியா?"

"இன்னும் இல்லணா."

"அப்ப இங்க இன்னாடா பண்றே?"

அவ்வளவுதான் அறிவுரை. மட்டராஸி பத்திப் பேசலாம்னு ஆரம்பிச்சேன், "அடுத்த வருஷமே ஏழாவது எடத்துல முடிச்சாருல்ல அவரு" ன்னு சிரிச்சார். உண்மைதான். 2016ல எட்டுல ஏழாவது, 2017 மார்ச்ல மட்டராஸி கிளம்பிட்டார். வெளிய நின்னா கப்பு கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

திங்கட்கிழமை அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்கார வெச்சு மன்னிப்பு கேட்டேன். "பரவால்லணா"ன்னான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்ங்கறதால அதோட விடலை. அடுத்த மாட்யூல் முழுக்க அவன் பேர்ல போட்டேன். ரிவ்யூல கமென்ட் எழுதுவேன், கோடுல கை வைக்க மாட்டேன்னு சொன்னேன். அவன் முழுசா நம்பின மாதிரி தெரியலை.

போன வாரம் அது லைவ் போச்சு. போன அன்னைக்கே ஒரு பக் வெடிச்சுது, ராத்திரி ஒன்பதரை மணிக்கு. எனக்குப் பார்த்த உடனே எங்கன்னு தெரிஞ்சுடுச்சு. ஒரே ஒரு வரி. லேப்டாப் திறந்துதான் இருக்கு. அவன் கால்ல இருந்தான், மூச்சு விடற சத்தம் கேட்டுது. "லாக் பார்த்தியா?"ன்னு மட்டும் கேட்டேன். அப்புறம் ரெண்டு கையையும் கட்டிக்கிட்டேன், நிஜமாவே.

அவன் கண்டுபிடிக்க ஐம்பது நிமிஷம் ஆச்சு. அந்த ஐம்பது நிமிஷம் இருக்கே... மேனேஜர் ரெண்டு தடவை பிங் பண்ணினார், "அவன் பார்த்துக்கிட்டிருக்கான்"னு ரெண்டு தடவையும் பதில் போட்டேன். பத்தரைக்கு, "அண்ணா, கிடைச்சிடுச்சு"ன்னான். குரல் வேற மாதிரி இருந்தது.

அப்பாவுக்கு போன் பண்ணலாம்னு பார்த்தேன், தூங்கியிருப்பார். ஸ்டாப்பர் அண்ணனுக்குப் பண்ணினேன். எடுத்து, "மணி இன்னாடா ஆவுது?"ன்னு திட்டிட்டு வெச்சிட்டார் :)

டிஸ்கி: சென்னைக்கு அயர்லாந்து சம்பந்தம் இல்லையான்னு கேக்கறவங்களுக்கு, இருக்கு. ஓவன் காயல். ஸ்காட்லாந்துல பிறந்து 1994ல அயர்லாந்துக்கு ஒரே ஒரு மேட்ச் ஆடினவர். 2019 டிசம்பர்ல திணறிக்கிட்டிருந்த சென்னையின் டீமை எடுத்து, 2020 மார்ச் 14 ஃபைனல் வரைக்கும் கொண்டுபோனார். கொரோனாவால ஆளே இல்லாத ஸ்டேடியத்துல 1-3ன்னு தோத்தாங்க. ஆனா அவர் ஃபார்வேர்ட் ஆடினவர், அதனால இந்தப் பதிவுல அவருக்கு பெஞ்ச்தான்.

உங்கள்ல யாராவது லீட், மேனேஜர் ஆன புதுசுல இந்த மாதிரி பண்ணியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அனானியா வந்தாலும் சரி, திட்ட மாட்டேன்.